சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்

எண்ணூர் சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் கிடங்கின் எடைமேடை அறையில், பன்னிரண்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான்கு முறை ராஜினாமா செய்திருக்கிறேன். நான்கு முறையும் மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இதை வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். குவைத்தில் இருக்கும் என் அண்ணனுக்கே கடைசி வரை புரியவில்லை. கிடங்கு ஒரு கம்பெனிக்குச் சொந்தம். என்னை வேலைக்கு எடுத்தது ஓர் ஏஜென்சி. இத்தனை ஆட்களை அனுப்புவோம் என்று அவர்கள் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். இரண்டிலிருந்து நான்கு வருடத்தில் அது முடியும். வேறு ஏஜென்சி வரும். சில சமயம் அதே ஆட்கள் வேறு பெயரில் வருவார்கள். அப்போது ஏஜென்சி சூப்பர்வைசர் அச்சடித்த ஒரு தாளை நீட்டுவார். ‘சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்’ என்று அதில் இருக்கும். கீழே கையெழுத்துப் போட்டால் புது ஏஜென்சியின் அடையாள அட்டை வரும். அட்டையின் நிறம் மாறும். கழுத்துக் கயிறு மாறும். என் புகைப்படம் மட்டும் மாறாது. முதல் வருடம் ராயபுரத்தில் எடுத்த அதே படத்தைத்தான் ஐந்து அட்டையிலும் ஒட்டியிருந்தார்கள். ஐந்தாவது அட்டையில் என்னைப் பார்த்தால் யாரோ ஒரு சின்னப் பெண் மாதிரி இருக்கும்.

என் அப்பா துறைமுகத்தில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தவர். அவர் பேச்சில் ‘எங்க ஹார்பர்’ என்றுதான் வரும். காய்ச்சல் வந்தால் துறைமுக ஆஸ்பத்திரி, கிறிஸ்துமஸ் வந்தால் கூட வேலை செய்பவர்கள் வீடு நிறைய. நான் பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் ‘எங்க கம்பெனி’ என்று சொன்னதில்லை. சொன்னால் பொய்யாகிவிடும் என்று ஒரு கூச்சம். நிரந்தர ஆட்களுக்குக் கேன்டீன் இருந்தது. எங்களுக்கு அதற்குள் அனுமதி இல்லை என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. முதல் வாரம் உள்ளே போனபோது பரிமாறுபவர் என் அட்டையின் நிறத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். அதன் பிறகு எடைமேடை அறையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த அறை. டிரெய்லர் லாரி மேடையில் ஏறும், திரையில் எண் நிற்கும், சீட்டு அச்சாகும், ஜன்னல் வழியாக ஒரு கை நீளும். டிரைவர்களின் முகத்தைவிடக் கைகள்தான் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

அப்பா இறந்த அன்று மாலை, நாளைக்கு வர முடியாது என்று யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சூப்பர்வைசரின் கைப்பேசி அணைந்திருந்தது. கம்பெனி எண் எதுவும் என்னிடம் இல்லை. கடைசியில் எடைமேடை அறைத் தொலைபேசிக்கே கூப்பிட்டேன். அதை எடுத்தவள்தான் நான் சொல்ல வந்த பெண்.

அவளுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. சடையங்குப்பத்திலிருந்து வருவாள். காலை ஆறிலிருந்து இரண்டு வரை நான். இரண்டிலிருந்து பத்து வரை அவள். இரவுக்கு ஓர் ஆண். அவளுடைய புருஷன் மணலியில் டேங்கர் லாரிக்கு கிளீனர். பத்து மணிக்கு பைக்கில் வந்து கூட்டிப்போவான். ஆக, மூன்றரை வருடம் ஒரே நாற்காலியைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு பேரும் ஒரு நாளைக்குச் சந்தித்தது பத்து நிமிடம். மதியம் ஒன்று ஐம்பதுக்கு அவள் வருவாள். இரண்டுக்கு நான் எழுந்துகொள்வேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் பேச முடியாததை நாங்கள் எழுதி வைத்தோம். ஷிஃப்ட் நோட்டு என்று ஒன்று உண்டு. யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்தோம், எத்தனை வண்டி, எந்திரத்தில் என்ன கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் கம்பெனியின் யார்டு மானேஜர் வந்து பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டுவிட்டுப் போவார். அந்த நோட்டின் ஓரத்தில் அவள் பென்சிலால் எனக்கு எழுதுவாள். ‘அக்கா, மேஜை டிராயர்ல கடலை உருண்டை வச்சிருக்கேன்.’ ‘அக்கா, நேத்து மழையில எங்க வூட்டாண்ட முட்டி வரைக்கும் தண்ணி.’ நான் பதில் எழுதுவேன். வீட்டில் உடம்பு முடியாத அப்பாவைத் தவிரப் பேச ஆளில்லாத எனக்கு, காலை ஆறு மணிக்கு அந்த நோட்டைத் திறப்பது ஒரு காரியமாக இருந்தது.

அப்பா அடக்கத்துக்குக் கம்பெனியிலிருந்து வந்தது அவள் ஒருத்திதான். கல்லறையில் எங்கே நிற்பது, என்ன செய்வது என்று தெரியாமல், கையில் ஒரு சாமந்தி மாலையோடு ஓரமாக நின்றாள். மண் போடும்போது என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். ஒன்றரை மணிக்கு, “வேலைக்கு நேரமாச்சுக்கா” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஐந்தாவது ஏஜென்சி வந்தபோது எனக்கு அது நான்காவது ராஜினாமா, அவளுக்கு முதல். சூப்பர்வைசர் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இன்னாக்கா இது? நா எதுக்கு வேலய வுடணும்?”

“வுடல. சும்மா பேருக்கு. எல்லாரும் போடறதுதான்.”

“சொந்தக் காரணம்னு போட்டுகீது. எனக்கு இன்னா சொந்தக் காரணம்?”

“போடும்மா. நா மூணு தபா போட்டுட்டேன். நாளைக்கு வந்து ஒக்காரப் போற. இதுல இன்னா கீது.”

போட்டாள். நான் சொன்னதால் போட்டாள். இதை நான் இங்கே எழுதியாக வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நோட்டின் ஓரத்தில், ‘அக்கா, மதியம் ஒரு விஷயம் சொல்றேன். சீக்கிரம் வரேன்’ என்று எழுதியிருந்தது. அன்று ஒன்றரை மணிக்கே வந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம். நடுவில் ஒன்று கலைந்திருந்தது. இப்போது ஐந்தாவது மாதம். வெளியே தெரியும் வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் மாமியார் சொல்லியிருந்தாராம். நான் அவள் கையைப் பிடித்தேன். அதற்குள் ஒரு டிரெய்லர் மேடையில் ஏறி ஹாரன் அடித்தது. சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த வாரக் கடைசியில் அவள் கையில் மறுபடியும் அதே தாள் இருந்தது.

“இத்த பாருக்கா. சூப்பர்வைசரு கையெழுத்து போடச் சொல்லிகினு கீறாரு. டெலிவரி முடிஞ்சி வா, புதுசா கார்டு போட்டுத் தரேன்னு சொல்றாரு.”

“லீவு கேட்டியா?”

“கேட்டேன். நீ வந்தே ரெண்டு மாசம்தான் ஆவுது, உனக்கு ஏது லீவுன்றாரு. ரெண்டு மாசமாக்கா? மூணரை வருசமா நா எங்க இருந்தேன்?”

இரண்டு மாதத்துக்கு முன் நான் போடச் சொன்ன கையெழுத்துதான் அவளுடைய மூன்றரை வருடத்தைத் தின்றிருந்தது. அது பேருக்குப் போடும் தாள் என்று பன்னிரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

“போடாத,” என்றேன். “இந்தத் தாள மட்டும் போடாத. கிழிக்கவும் கிழிக்காத. கைப்பையில வச்சிக்க.”

அவள் போடவில்லை. மூன்றாம் நாள் மதியம் ஒன்று ஐம்பதுக்கு அவள் வரவில்லை. கண்ணாடி வழியாக நுழைவாயில் தெரியும். அவள் அட்டையைத் தேய்த்தாள். தடுப்புக் கம்பி திறக்கவில்லை. மறுபடி தேய்த்தாள். காவலாளி ஏதோ சொன்னார். பத்து நிமிடம் வெயிலில் நின்றாள். டிரெய்லர்கள் அவளைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தன. புழுதியில் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் நாற்காலியை விட்டு எழ முடியாது. மேடையில் வண்டி நின்றது, பின்னால் வரிசை. கையை மட்டும் தூக்கிக் காட்டினேன். அவள் பார்த்தாளா என்று தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் போனாள். அன்று பத்து மணிக்கு இரவு ஷிஃப்ட் ஆள் வரும்வரை அவள் ஷிஃப்டையும் நானே பார்த்தேன்.

போடாதே என்று நான் சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்தது அது. போட்டிருந்தால், குழந்தை பிறந்த பிறகு ஒரு புது அட்டையாவது கிடைத்திருக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திருவொற்றியூர் தாண்டும் வரை இதையே யோசித்துக்கொண்டு போனேன். கேட்க யாருமில்லை. அண்ணனிடம் சொன்னால், “உனக்கு எதுக்கு ஊர் வம்பு” என்பான். சொல்லவில்லை.

ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு முதலில் ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் அவள் எண்ணைப் போட்டுப் பார்த்தார். பேறுகால உதவிக்கு எழுபது நாள் சந்தா கணக்கில் இருக்க வேண்டும்; உங்கள் எண்ணில் அவ்வளவு இல்லையே என்றார். புது ஏஜென்சி அவளுக்குப் புதிதாக ஓர் எண் வாங்கியிருந்தது. பழைய எண்ணைக் கேட்டார். அவள் பர்ஸிலிருந்து பழைய அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதிலும் கடைசிச் சில மாதங்கள் காலியாக இருந்தன. பழைய ஏஜென்சி கட்டவே இல்லை.

“ஆள் ஒருத்தர்னா நம்பரும் ஒண்ணுதாம்மா இருக்கணும்,” என்றார் அவர். “ஏஜென்சி மாறலாம், நம்பர் மாறக் கூடாது. நீங்க வேலை செஞ்சதுக்கு ஆதாரம் கொண்டு வாங்க. லேபர் ஆபீஸ்லயும் ஒரு மனு குடுத்துடுங்க.”

தொழிலாளர் அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். மேஜையில் கோப்புகளுக்கு நடுவில் சாப்பாட்டு டப்பா இருந்தது. இவளை உட்காரச் சொல்லிவிட்டு முழுவதையும் கேட்டார். நாங்கள் கோர்வையில்லாமல் சொன்னதை அவரே வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். ஒப்பந்த ஆளானாலும் பேறுகால விடுப்பு உண்டு. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு எடுக்கக் கூடாது. ஏஜென்சி கட்ட வேண்டியதைக் கட்டத் தவறினால், வேலை வாங்கும் கம்பெனிதான் அதைக் கட்டியாக வேண்டும். பிறகு ஏஜென்சியிடம் அவர்கள் வசூலித்துக்கொள்ளட்டும்.

“அப்ப நாங்க கம்பெனி ஆளா மேடம்?” என்று இவள் கேட்டாள்.

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். “அது வேற கேள்விம்மா. இதெல்லாம் இருக்கறதால நீங்க பர்மனென்ட்னு ஆயிடாது. அந்த ஒப்பந்தமே வெறும் பேருக்குத்தான், உண்மையில வேலை வாங்கறது, சொல்றது, கேக்கறது எல்லாம் கம்பெனிதான்னு கோர்ட்ல நிரூபிச்சாதான் அது. பல வருஷம் ஆகும். இப்ப நமக்கு வேண்டியது, மூணரை வருஷமா நீங்க அந்த இடத்துல இருந்தீங்கன்றதுக்கு ஒரு ஆதாரம். சம்பளச் சீட்டு இருக்கா?”

இருந்ததில்லை. வங்கிக் கணக்கில் சம்பளம் ஒவ்வொரு மாதமும் வேறு வேறு பெயரில் வந்திருந்தது. வருகைப் பதிவு ஏஜென்சியிடம். அப்போதுதான் எனக்கு ஷிஃப்ட் நோட்டு ஞாபகம் வந்தது. முடிந்த நோட்டுகளை அறையின் இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தோம். அவள் வந்த நாளிலிருந்து ஒன்பது நோட்டு.

அதிகாரி முகம் மாறியது. “அதுல கம்பெனிக்காரங்க கையெழுத்து இருக்கா?”

“தெனமும் இருக்கு மேடம்,” என்றேன். “பச்சை மையில.”

எடுத்துவர முடியாது, அது கம்பெனிச் சொத்து. படம் எடுத்து வாருங்கள், அசலை நாங்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறோம் என்றார். நான்கு நாள் ஆயிற்று. வண்டி வராத இடைவெளியில் ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் எடுத்தேன். ஒளித்துச் செய்தால் திருட்டு மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியதால், நோட்டை மேஜைமேல் விரித்து, கதவைத் திறந்தே வைத்திருந்தேன். பயம் இல்லாமல் இல்லை. முதல் நாள் எடுத்த படங்களில் பாதி தெளிவில்லாமல் இருந்தன, மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு பக்க ஓரத்திலும் அவள் பென்சில் எழுத்து. கடலை உருண்டை, மழைத் தண்ணீர், புருஷனுடன் சண்டை, என் அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது. அதையெல்லாம் அழித்துவிட்டு எடுக்கலாமா என்று ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இரண்டு பேரின் பேச்சை ஓர் அலுவலகம் முழுக்கப் படிக்கப் போகிறதே என்று வெட்கமாக இருந்தது. அழிக்கவில்லை. அதுவும் அவள் அங்கே இருந்ததற்குச் சாட்சிதானே.

மனு கொடுத்த பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் சமரசப் பேச்சு மூன்று முறை நடந்தது. முதல் முறை ஏஜென்சிக்காரர் மட்டும் வந்தார். இரண்டாவது முறை கம்பெனியிலிருந்து யாரோ ஒருவர் வந்து, “இவங்க எங்க ரோல்லயே இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது முறை, நோட்டுகளை எடுத்துக்கொண்டு யார்டு மானேஜரையே வரச் சொல்லியிருந்தார்கள். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

மானேஜர் கெட்டவர் இல்லை. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பன்னிரண்டு வருடமாகத் தினமும் காலையில் அறைக்குள் வந்து, “குட் மார்னிங், ஏதாவது பிரச்சனையா?” என்று கேட்டுவிட்டு ஒப்பமிட்டுப் போவார். அன்று அவரும் நானும் ஒரே பெஞ்சில் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம்.

ஏஜென்சிக்காரர் முதலில் பேசினார். “அந்தப் பொண்ணு எங்ககிட்ட மொத்தமே ரெண்டு மாசம்தான் வேலை செஞ்சுது மேடம். அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாது. ரெக்கார்டு அப்படித்தான் சொல்லுது.”

அதிகாரி என்னிடம் திரும்பினார். “உங்களுக்கு வேலை சொல்றது யாரு?”

“சார்தான்,” என்று மானேஜரைக் காட்டினேன்.

“ஏஜென்சி சூப்பர்வைசர்?”

“மாசத்துல ஒரு தபா வருவாரு மேடம். கையெழுத்து வாங்க.”

“இந்தப் பொண்ணு எப்பத்துலேந்து அங்க வேலை செய்யுது?”

“மூணரை வருசமா. டெய்லி ரெண்டு மணிக்கு அவ வந்தாத்தான் நா எந்திரிப்பேன்.”

அதிகாரி முதல் நோட்டைத் திறந்து மானேஜர் முன்னால் வைத்தார். “சார், இது உங்க இனிஷியலா?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம். பென்சில் எழுத்தையும் படிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தன் கையெழுத்துக்கு நான்கு விரல் தள்ளி இப்படி ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்ததை அவர் அதுவரை பார்த்ததே இல்லை போல.

“ஆமா. என்னோடதுதான்,” என்றார்.

அதற்குப் பிறகு அதிகம் பேச்சு இல்லை. சமரச ஒப்பந்தம் எழுதினார்கள். அவள் அட்டை திரும்ப வேலை செய்யும். இரண்டு ஈ.எஸ்.ஐ. எண்ணையும் ஒன்றாக்க வேண்டும். விட்டுப்போன மாதங்களைக் கம்பெனி கட்டும். பேறுகால விடுப்பு முடிந்ததும் அதே வேலைக்கு அவள் திரும்பலாம். அவள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்தபோது மானேஜர் படிக்கட்டில் நின்றார். “நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான். அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். பன்னிரண்டு வருடத்தில் அவர் அறைக்கு நான் ஒரு தடவையும் போனதில்லை. வணக்கம் சொல்லிவிட்டு நடந்தேன்.

அடுத்த வாரமே எனக்கு இடமாற்றம் வந்தது. மணலி புதுநகர்ப் பக்கம் அதே கம்பெனியின் வேறொரு கிடங்கு, அதே ஏஜென்சி. சூப்பர்வைசர் மரியாதையாகவே சொன்னார். “தண்டனைன்னு நினைக்காதீங்க மேடம். அங்க ஆள் தேவைப்படுது. ஏசி ரூம் வேற.”

நான் அந்தப் பெண் அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். அவர் என் இடமாற்றக் கடிதத்தைப் படித்தார். பேச்சு நடக்கும்போது புகார் கொடுத்தவரின் வேலை நிலைமையை மாற்றக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பேச்சு முடிந்துவிட்டது, நீங்கள் புகார் கொடுத்தவரும் இல்லை, சாட்சிதான், என்றார். “கஷ்டம்மா,” என்றார். அவர் குரலில் இருந்த சங்கடத்தை உணர்ந்து நானே, “பரவாயில்ல மேடம்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

புது இடத்துக்குப் போகும்போதும் அதே ராஜினாமாத் தாளை நீட்டினார்கள். இந்த முறை நான் கையெழுத்துப் போடவில்லை. இடமாற்றம்தானே, விலகல் எதற்கு என்று கேட்டேன். இன்ன வருடத்திலிருந்து தொடர்ந்து வேலை செய்கிறேன், தொடர்ச்சி விடாமல் புது இடத்தில் சேர்கிறேன் என்று நானே ஒரு கடிதம் எழுதி, ஏஜென்சிக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். ராயபுரம் தபால் நிலையத்தில் ஒப்புகை அட்டையைப் பூர்த்தி செய்தபோது, ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு, அதன் கீழே என்ன பதவி எழுதுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

புது கிடங்கில் ஜன்னல் இல்லாத அறை. குளிரில் கை விறைக்கும். கன்டெய்னர் எண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். என்னோடு இருந்த மூன்று பேரும் என்னைப் பற்றி ஏதோ கேள்விப்பட்டிருந்தார்கள். மோசமாக நடத்தவில்லை. நான் உள்ளே வந்தால் பேச்சை மாற்றுவார்கள், அவ்வளவுதான். சூப்பர்வைசர் வரும் நாட்களில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். மதியம் ஒன்று ஐம்பது ஆனால் நான் தலையைத் தூக்கிக் கதவைப் பார்ப்பேன். அந்தப் பழக்கம் போக இரண்டு மாதம் ஆயிற்று.

அவளுக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அவள் புருஷன் போனில் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து அப்படியே சடையங்குப்பம் போனேன். வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளத்தின் கறை ஒரு கோடாக நின்றிருந்தது. தொட்டிலை அதற்கு மேலே வருகிற மாதிரி உயரக் கட்டியிருந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். காப்பி கொடுத்தாள். புருஷன் பிஸ்கட் வாங்க வெளியே போனான்.

முதல் முறையாக எங்களுக்கு ஒரு மதியம் முழுக்க இருந்தது. என்ன பேசுவதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. குழந்தையின் எடை, தடுப்பூசி, தண்ணீர் லாரி வரும் நேரம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண் கீழே போனது.

“அடுத்த மாசம் வேலைக்குப் போறேன்க்கா,” என்றாள்.

“நல்லது. போ.”

“உன் எடத்துக்கு வந்துகீற அம்மா போன் பண்ணிகினு இருந்தாங்கோ. நல்லா பேசறாங்கோ.” கொஞ்சம் நிறுத்தினாள். “சூப்பர்வைசர் அவங்க கைல இன்னாவோ சொல்லிகீறாரு போல. உங்கூட பேசறியான்னு கேட்டாங்கோ.”

“நீ இன்னா சொன்ன?”

அவள் தொட்டிலை ஆட்டினாள். குழந்தை ஏற்கனவே தூங்கிக்கொண்டுதான் இருந்தது. “இல்லன்னுட்டேன்க்கா,” என்றாள்.

“செரியாத்தான் சொல்லிகீற,” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். வாங்கிவந்த பிஸ்கட் பொட்டலத்தை அவள் புருஷன் ஓடிவந்து என் கையில் திணித்தான். “தப்பா நெனைக்காதீங்கக்கா” என்றான். நான் தப்பாக நினைக்கவில்லை. பயத்தோடு வேலைக்குப் போவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு அவள் கூப்பிடுவது குறைந்து, நின்றுபோனது. நானும் கூப்பிடவில்லை.

இப்போது என் பன்னிரண்டு வருடத்தையும் ஒரே வேலையாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தொழிலாளர் நீதிமன்றத்தில் நானே ஒரு மனு போட்டிருக்கிறேன். நான்கு ராஜினாமாவும் கேட்டு வாங்கப்பட்டவை, நாற்காலி மாறவில்லை, வேலை சொன்னவர் மாறவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கொடுப்பார்கள் என்பது சட்ட உதவி மையத்துக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். அங்கே எனக்கு ஒதுக்கிய வழக்கறிஞர் சுறுசுறுப்பான பெண். கோப்பை ஒருமுறை புரட்டிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“உங்ககூட மூணரை வருஷம் வேலை செஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்களே. அவங்களைச் சாட்சியா கூப்பிட்டா கேஸ் ரொம்ப பலமாயிடும். அட்ரஸ் இருக்கா?”

எனக்கு அந்தச் சுவரில் இருந்த தண்ணீர்க் கோடு வரை ஞாபகம் இருந்தது.

“வேணாம் மேடம்,” என்றேன்.

“ஏன்? நீங்க அவங்களுக்காகப் போய்ச் சொன்னீங்கல்ல?”

“சொன்னேன். அதனாலதான் வேணாம்.”

அவர் பேனாவை மூடிவிட்டு, வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஜன்னலில் நீண்ட கைகளுக்கு எனக்குப் பெயர் தெரியாது. இரவு ஷிஃப்ட் ஆள் ஊருக்குப் போய்விட்டார். மானேஜர் ஓய்வு பெற்றுவிட்டதாகக் கேள்வி. வேறு யாரும் இல்லை என்றேன். சரி, இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்றார்.

விசாரணை மூன்று முறை தள்ளிப்போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு, ராயபுரத்திலிருந்து காலை பஸ் பிடித்துப் போகிறேன். தாழ்வாரத்தில் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கிறேன். என்னைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கழுத்தில் ஏதோ ஒரு நிறத்தில் கயிறு தொங்குகிறது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். யாரும் எதுவும் கேட்பதில்லை.

போன முறை என் பெயரைக் கூப்பிட்டபோது, ‘ஆஜர்’ என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அலுவலர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தார்.